நரிக்கு எழுதி வைத்தது

பதினேழாம் அலமாரி, மேலிருந்து மூன்றாம் தட்டு.
அந்துருண்டை நெடியைத் தள்ளிக்கொண்டு திறந்தால்
பயற்றுக் குடும்பம் மொத்தமும் படுத்திருக்கிறது,
உளுந்து, தட்டை, பாசி, கொள்ளு,
கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து
பாயில் சாய்ந்தவர்கள் போல.
கடைசி ஓரத்தில் இது.

தாளின் மேல் நான்கு சீட்டுகள்.
மொச்சையின் பங்காளி என்று எழுதினார் ஒருவர்.
இல்லை, பீன்ஸ் வகையறா என்றார் அடுத்தவர்.
மூன்றாமவர் உளுந்தின் வீட்டுக்கே கூட்டி வந்து விட்டார்.
நான்காவதில் பென்சிலால் ஒரே சொல்: சரி.
பழைய சீட்டைக் கிழிக்கக்கூடாது என்பது
கோயம்புத்தூரில் எங்கள் அலுவலக விதி.
தப்பாகக் கூப்பிட்டதும் ஆவணம்தான்.

நான்கு சீட்டிலும் மாறாமல் வருவது
மூன்று மடல் இலை.
கீழே ஊதா மையில், சேகரித்த சென்னியப்பன்:
'மூலனூர், 1961. தரையோடு படரும். மஞ்சள் பூ.
உள்ளூர்ப் பெயர் நரிப்பயறு.'
பயன்கள் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

நரி பயறு தின்னாது.
விதைக்காமல் முளைத்ததை,
அறுக்க ஆள் விடாததை
நம் ஆட்கள் நரிக்கும் நாய்க்கும் பேய்க்கும்
எழுதி வைத்துவிட்டார்கள்.
நரிவெங்காயம். நாய்த்துளசி. பேய்ப்பீர்க்கு.
கிரயம் இல்லை, பட்டா இல்லை,
வாயால் எழுதிய தானம்.

சென்னியப்பனின் செடியை வண்டு அரித்துவிட்டது.
புதிதாக ஒன்று வேண்டும் என்று
கார்த்திகையில் என்னை அனுப்பினார்கள்.
தாராபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து,
கிளுவை வேலிக்கு நடுவே நடந்து
ஒரு கொறங்காட்டின் படலைத் தட்டினேன்.

வருசக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பாவாத்தாள்.
நாற்பத்திரண்டு ஆடு, ஒரு நோக்கியா போன்.
'வேரோடயா பறிக்கோணும்?
ஒண்ணுன்னா பறிச்சுக்குங்க.
ரெண்டாவதுக்குக் காசு.'

வெள்வேல மர நிழலில் மண்டியிட்டுத் தோண்டினேன்.
வேரில் கடுகளவு முண்டுகள்;
ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு.
காற்றைப் பிடித்து எருவாக்கும் பட்டறை அது என்றேன்.
'அதானுங்க, இது கெடக்கற எடத்துல
கொழுக்கட்டைப் புல்லு கருகருன்னு வருது.
புல்லு மட்டும் தின்னா வவுறு ரொம்பும், பாலு ஊறாது.
ஊடால இது வேணும்.'
மனிதர் தின்பதுண்டா?
'பஞ்சத்துல வேவிச்சுத் தின்னாங்களாம்.
நான் ஒருக்கா வாயில போட்டுத் துப்பிட்டேன்.'

பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே.
இதன் பூர்வீகம் சொன்னேன்:
சிந்துக் கரையில் உண்டு, ஈழத்தில் உண்டு,
பர்மா தாண்டி சாவகம் வரை உண்டு,
கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவிலும் பார்த்திருக்கிறார்கள்,
தானாகப் போனதா, மூட்டையில் ஒட்டிப் போனதா, தெரியவில்லை.
கேட்டுவிட்டு மேற்கே பார்த்தார்.
'அங்கயெல்லாம் மழை பேஞ்சிருக்குதுங்களா?'

பதில் யோசித்த நேரத்தில்
செவலை ஆடு ஒன்று பின்னால் வந்து
நாளிதழ் மடிப்புக்குள் நான் பரப்பியிருந்த செடியின்
இடது கிளையைத் தின்றுவிட்டது,
அரைப் பக்கத் தங்க நகை விளம்பரத்தோடு.
பாவாத்தாள் சிரிக்கவில்லை.
'ரெண்டாவது வேணுமுங்களா?' என்றார்.

வேண்டாம் என்றேன்.
மிச்சத்தை அழுத்தி, உலர்த்தி, தைத்து,
ஐந்தாவது சீட்டை ஒட்டினேன்.
கடித்த இடம் வட்டமாக,
பல் வரிசை தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது.
அறுபது வருசமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில் எழுதினேன்:
காண்க, இடது கிளை.

மேலதிகாரி தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.
முழுச் செடியாக வேண்டுமாம்.
மாசி பிறந்திருந்தது. போன் செய்தேன்.
ஆட்டுச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்:
'எல்லாம் கருகிப் போச்சுங்.
மழை வந்தாச் சொல்றனுங்.
காசு எடுத்துட்டு வாங்க.'